மூன்று எமன்கள்

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்துகிறீர்கள். மீட்டரில் ஜீரோ இருக்கிறதா என்று உஷாராகப் பார்க்கிறீர்கள். விலையைத் திட்டிக்கொண்டே பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். வண்டிக்குள் போன அந்தத் திரவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘பூமிக்கு அடியிலிருந்து’ என்பீர்கள்.

பாதிதான் சரி!

பூமிக்கு அடியிலிருந்து வருவது கச்சா எண்ணெய். அதைக் காய்ச்சி வடித்தால் தானாகக் கிடைக்கிற பெட்ரோல் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மண்ணெண்ணெய், டீசல், அதற்கும் கீழே தார் மாதிரி கனமான சரக்கு. 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்கள் பெருகப் பெருக, ‘இந்தக் கனமான எண்ணெயை உடைத்து பெட்ரோலாக மாற்ற முடியாதா?’ என்று பல பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள் ஒரு மனிதர் ஒரு பிடி களிமண்ணோடு நுழைந்தார். அவருடைய கதைதான் இது. அவரைத் துரத்திய மூன்று எமன்களின் கதையும்கூட!

பெயர் யூஜீன் ஹூட்ரி. பிரெஞ்சுக்காரர். 1892ல் பாரிஸுக்குப் பக்கத்தில் தோமோன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு இரும்புத் தொழில், வசதிக்குக் குறைவில்லை. பையன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தான். படிப்பில் முதலிடம், கால்பந்தில் கேப்டன். அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. பிரான்ஸ் முதன்முதலாகக் களத்தில் இறக்கிய டாங்கிப் படையில் ஹூட்ரியும் இருந்தார். 1917ல் ஜுவான்கூர் என்ற இடத்தில் நடந்த சண்டையில் பலத்த காயம். கூடவே வீரப் பதக்கம்.

போர் முடிந்தது. அப்பாவின் கம்பெனியைப் பார்த்துக்கொண்டு ஹாயாக இருந்திருக்கலாம். ஆனால், மனுஷருக்குக் கார் ரேஸ் பைத்தியம். ரேஸ் கார் வேகமாக ஓட வேண்டுமானால் இன்ஜின் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. நல்ல பெட்ரோல் வேண்டும். பிரான்ஸிலோ சொல்லிக்கொள்கிற மாதிரி எண்ணெய்க் கிணறுகள் கிடையாது. டாங்கி ஓட்டியவருக்கு அதன் அர்த்தம் தெரியாதா என்ன? அடுத்த போர் வந்தால் நாடே நடுரோட்டில் நின்றுவிடும்!

1922ல் ஒரு தகவல் வந்தது. நீஸ் நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுத்திருக்கிறாராம். ஹூட்ரி ஓடிப்போய்ப் பார்த்தார். நண்பர்களைச் சேர்த்தார், சொந்தப் பணத்தைக் கொட்டினார், அரசாங்க உதவியும் வாங்கினார். 1929ல் ஒரு ஆலையே ஓடியது. ஆனால் கணக்குப் பார்த்தால், பெட்ரோல் எடுக்க ஆன செலவு அதன் விலையைத் தாண்டி நின்றது. அரசாங்கம் கையை விரித்துவிட்டது.

ஆனால், இதற்கிடையில் ஹூட்ரியின் கையில் வேறொரு புதையல் சிக்கியிருந்தது.

அது என்ன என்று புரியவேண்டுமானால், அப்போது மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டன் என்பவர் 1913லேயே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கனமான எண்ணெயை ராட்சச பிரஷர் குக்கர் மாதிரியான கலத்தில் போட்டு, பயங்கரமாகச் சூடாக்குவது. சூடு தாங்காமல் நீளமான மூலக்கூறுகள் துண்டு துண்டாக உடையும். பெட்ரோல் கிடைக்கும். ஆனால், அடித்து உடைத்த தேங்காய் மாதிரி, எங்கே உடையும், எப்படி உடையும் என்று சொல்ல முடியாது. தரமும் சுமார்தான்.

ஹூட்ரி வேறு வழியில் போனார். வினையூக்கி! ‘கேட்டலிஸ்ட்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கல்யாணத் தரகர் மாதிரி என்று வாத்தியார் சொல்லியிருப்பார். இரண்டு வீட்டையும் சேர்த்துவைத்துவிட்டு, தான் அப்படியே வெளியே வந்துவிடுகிற ஆள். இங்கே என்ன வித்தியாசம் என்றால், இந்தத் தரகர் சேர்த்துவைப்பதில்லை, பிரித்துவைக்கிறார்!

நூற்றுக்கணக்கான பொடிகளை ஹூட்ரி சோதித்துப் பார்த்தார். கடைசியில், 1927ல், சிலிகாவும் அலுமினாவும் கலந்த ஒருவகைக் களிமண் கைகொடுத்தது. எண்ணெய் ஆவியை அதன் வழியாகச் செலுத்தினால் அருமையான பெட்ரோல் வந்தது.

சாதாரணக் களிமண்ணுக்கு எங்கிருந்து வந்தது இந்தச் சக்தி? ஓட்டைகளிலிருந்து! இட்லியைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே குட்டிக்குட்டியாகத் துவாரங்கள். அதனால்தான் சாம்பாரை அப்படி உறிஞ்சுகிறது. இந்தக் களிமண்ணிலும் அதே கதை. ஆனால், துவாரங்கள் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியவை. அவற்றின் சுவர்களில் அமிலத்தன்மை இருக்கிறது. துவாரத்துக்குள் நுழைகிற நீளமான எண்ணெய் மூலக்கூறை அந்தச் சுவர் பிடித்து உடைத்து அனுப்புகிறது. வெறும் சூட்டைவிட ஒழுங்காக, வேகமாக.

இங்கேதான் முதல் எமன் வருகிறான்.

கரி!

எண்ணெய் உடையும்போது ஒரு பகுதி கரியாகி, களிமண்ணின் துவாரங்களை அடைத்துவிடும். சில நிமிடங்கள்... அவ்வளவுதான். வெள்ளையாக உள்ளே போன பொடி கன்னங்கரேல் என்று ஆகி, வேலை செய்வதை நிறுத்திவிடும். களிமண்ணை வைத்து எண்ணெயை உடைக்கலாம் என்று நினைத்தவர்கள் ஹூட்ரிக்கு முன்பும் இருந்தார்கள். எல்லோரும் இந்தக் கரியைப் பார்த்துத்தான் பின்வாங்கினார்கள்.

ஹூட்ரியின் மேதைமை இந்த இடத்தில்தான். பொடி சாகாமல் இருக்க வழி தேடி அவர் நேரத்தை வீணாக்கவில்லை. ‘சாகட்டும். எழுப்பிவிடலாம்’ என்று முடிவு செய்தார். கரி என்றால் எரியும்தானே? சூடான காற்றைச் செலுத்திக் கரியை எரித்துவிட்டால் துவாரங்கள் திறந்துகொள்ளும், களிமண் மறுபடி தயார்!

சொல்வது சுலபம். எண்ணெய் ஆவி இருக்கிற இடத்தில் காற்றையும் நெருப்பையும் விடுவதென்றால் விளையாட்டா? அவர் பல கலங்களை வரிசையாக வைத்தார். ஒன்றில் எண்ணெய் உடைந்துகொண்டிருக்கும். ஒன்றில் மிச்சம் மீதி ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும். இன்னொன்றில் கரி எரிந்துகொண்டிருக்கும். சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை வால்வுகள் தானாக மாறும். எரிகிற சூட்டையும் வீணாக்கவில்லை. உருகிய உப்பை வைத்து அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போனார்.

இத்தனையும் பெரிய அளவில் செய்ய பிரான்ஸில் பணம் புரளவில்லை. 1930ல் வேக்வம் ஆயில் என்ற அமெரிக்க கம்பெனி அழைத்தது. லேபாரட்டரியைக் கட்டி எடுத்துக்கொண்டு, சக ஊழியர்களையும் கூட்டிக்கொண்டு, நியூஜெர்ஸியின் பால்ஸ்பரோ என்ற ஊருக்குக் கப்பலேறினார் ஹூட்ரி. (இந்தப் பால்ஸ்பரோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்!) பிறகு சன் ஆயில் கம்பெனியும் சேர்ந்துகொண்டது. 1937ல் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹுக்கில் முதல் பெரிய ஆலை ஓட ஆரம்பித்தது. பழைய முறையில் நாலில் ஒரு பங்குதான் நல்ல பெட்ரோலாக வரும். ஹூட்ரியின் களிமண் ஏறக்குறைய பாதியைப் பெட்ரோலாக்கியது!

இரண்டே வருடத்தில் இரண்டாம் உலகப் போர். போர் விமானங்களுக்கு உயர் ரகப் பெட்ரோல் லட்சக்கணக்கான பீப்பாய்கள் தேவைப்பட்டபோது, அமெரிக்காவில் ஹூட்ரியின் ஆலைகள் தயாராக நின்றன. 1942 மே மாதம் லூசியானாவின் பேட்டன் ரூஜில், போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து அவரையே ஒரு படி தாண்டின. பொடியைத் தண்ணீர் மாதிரி ஓடவிட்டு, ஒரு கலத்தில் எண்ணெயை உடைத்து, அடுத்த கலத்தில் கரியை எரித்து, திரும்பக் கொண்டுவருகிற முறை. இன்றைக்கும் உலகமெங்கும் ஆலைகளில் ஓடுவது இதுதான். நம்ம மணலி ஆலையிலும் இதே முறையில் ஒரு பிரிவு உண்டு. இன்னொரு சுவாரஸ்யம்... 1965ல் மணலிக்கான கம்பெனி உருவானபோது இந்திய அரசோடு கூட்டுச் சேர்ந்தவர்களில் ஒன்று அமோக்கோ. ‘பிரஷர் குக்கர்’ பர்ட்டன் வேலை பார்த்த கம்பெனியின் வாரிசு!

ஹூட்ரிக்கு வருவோம். 1940ல் பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்தது. விஷி நகரில் ஒரு பொம்மை அரசு உட்கார்ந்தது. அமெரிக்காவில் இருந்த ஹூட்ரி சும்மா இருக்கவில்லை. டி காலுக்கு ஆதரவு திரட்டிய ‘ஃபிரான்ஸ் ஃபாரெவர்’ அமைப்புக்குத் தலைமை தாங்கினார். விளைவு? 1941ல் விஷி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. எந்த நாட்டுக்காகக் காயம் பட்டாரோ, எந்த நாட்டுக்கு பெட்ரோல் வேண்டும் என்று களிமண்ணைக் கிளறினாரோ, அந்த நாடு அவரைத் தன் பிள்ளையே இல்லை என்றது! 1942 ஜனவரியில் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

போர் முடிந்தது. புகழ் வந்தாயிற்று, வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. இனி ஓய்வுதானே? அதுதான் இல்லை. அமெரிக்க நகரங்களில் கார்ப் புகை மண்டிக்கொண்டிருந்தது. நுரையீரல் புற்றுநோய் அதிகமாகி வருவதும் ஹூட்ரியின் கண்ணில் பட்டது. பெட்ரோலைப் பெருக்கிக் கொடுத்தவரே இப்போது அதன் புகையை அடக்கப் புறப்பட்டார்! 1950ல் அதற்காகவே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். புகைக்குழாயில் ஒரு டப்பா. அதற்குள் நுண்துளைப் பொருளின்மேல் பிளாட்டினம் மாதிரி உலோகத்தின் மெல்லிய பூச்சு. நச்சு வாயு உள்ளே போகும். எரிந்து அடங்கி வெளியே வரும். நாம் இன்று கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்கிறோமே, அதன் மூதாதை. 1956ல் பேட்டன்ட்டும் கிடைத்தது.

டப்பா வேலை செய்தது. ஆனால், காரில் மாட்டினால் சீக்கிரமே செத்துப்போனது!

இரண்டாவது எமன்... விஷம்.

இன்ஜின் ‘டக டக’வென்று இடிக்காமல் இருக்க பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று 1921ல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்திருந்தார். 1923ல் ஒஹையோவின் டேட்டனில் விற்பனை ஆரம்பித்து, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த ஈயம் புகையோடு வந்து பிளாட்டினத்தின்மேல் படியும். கரியாக இருந்தால் எரித்துவிடலாம். ஈயத்தை என்ன செய்வது? படிந்தது படிந்ததுதான். பெட்ரோலில் ஈயம் இருக்கும்வரை இந்த டப்பாவுக்கு வாழ்வில்லை. ஈயத்தை எடுக்கவோ எண்ணெய்க் கம்பெனிகளுக்கு மனமில்லை. ஈயம் கலக்காத பெட்ரோலில் ஓடிய ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கும் சுரங்கங்களுக்கும் மட்டும் ஹூட்ரியின் டப்பா பயன்பட்டது. கார்களில் அது வருவதைப் பார்க்காமலே 1962 ஜூலையில் அவர் இறந்துபோனார்.

அதே 1962! பால்ஸ்பரோ என்று சொன்னேனே... ஹூட்ரியை அழைத்து வந்த கம்பெனி அதற்குள் மொபில் என்ற பெயருக்கு மாறிக்கொண்டிருந்தது. அங்கே சார்லஸ் பிளாங்க், எட்வர்ட் ரோசின்ஸ்கி என்ற இரண்டு விஞ்ஞானிகள், ஹூட்ரியின் களிமண் இடத்தில் ஜியோலைட் என்ற கல்லை உட்காரவைத்தார்கள். இதன் பெயருக்கு கிரேக்க மொழியில் ‘கொதிக்கும் கல்’ என்று பொருள். 1756ல் ஸ்வீடனின் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது குமிழ் விட்டுக் கொதித்ததால் வந்த பெயர். கொதித்தது கல் அல்ல. துவாரங்களுக்குள் ஒளிந்திருந்த தண்ணீர்!

களிமண்ணில் துவாரங்கள் ஏனோதானோ என்று இருக்கும். ஜியோலைட்டில் அளவெடுத்துக் கட்டிய அடுக்குமாடி மாதிரி, எல்லா வாசலும் ஒரே அளவு. எவ்வளவு? ஒரு மீட்டரை நூறு கோடியாக வெட்டினால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். பெட்ரோல் ஆலை ஜியோலைட்டின் வாசல் அதிலும் முக்கால் பங்குதான்! ஒரே ஒரு கிராம் ஜியோலைட்டின் உள்சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் சுமார் 700 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் மூன்று கிரவுண்டுக்கும் மேல்! கேட்கவேண்டுமா? பழைய பொடியைவிடப் பல மடங்கு வேகம். அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, நீராவியின் சூட்டிலும் கட்டடம் இடியாமல் இருக்க அருமண் தனிமங்களை உள்ளே நுழைத்து, ஆலைக்கு அனுப்பினார்கள்.

சரி, ஹூட்ரியின் டப்பா என்ன ஆயிற்று? அதைக் காப்பாற்றியவர் ஹூட்ரி இறப்பதற்கு 13 ஆண்டுகள் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். விளாடிமிர் ஹேன்ஸல். ஜெர்மனியில் பிறந்து, மாஸ்கோவில் வளர்ந்து, அமெரிக்கா வந்தவர். பெட்ரோலின் தரத்தை உயர்த்த ஈயம் தேவையில்லை, பிளாட்டினத்தின்மேல் செலுத்தினாலே மூலக்கூறுகள் உருமாறித் தரம் எகிறும் என்றார் அவர். கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயிரக்கணக்கான பீப்பாய் பெட்ரோல் தயாரிக்கிற இடத்தில் நகைக்கடைச் சமாசாரமா?

ஹேன்ஸலின் கணக்கு வேறு. உலோகத்தில் வேலை செய்வது மேற்பரப்பில் இருக்கிற அணுக்கள் மட்டும்தான். உள்ளே மாட்டிக்கொண்டவை தண்டச்சோறு! 10 நானோமீட்டர் துகளில் நூற்றுக்குப் பத்து அணுதான் வெளியே இருக்கும். ஒரு நானோமீட்டர் துகளிலோ ஏறக்குறைய எல்லா அணுவுமே வெளியே! ஆக, பிளாட்டினத்தை மிக மிக நுண்ணிய துகளாக்கி, துளைகள் நிறைந்த அலுமினாவின்மேல் தூவிவிட்டால், நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவாகப் போட்டாலே போதும். 1949ல் மிச்சிகனின் மஸ்கீகன் நகரில் முதல் ஆலை ஓடியது. ‘நானோ’ என்ற வார்த்தை ஃபேஷனாவதற்குப் பல காலம் முன்பே, எண்ணெய் ஆலைகளில் நானோ துகள்கள் ஷிஃப்ட் பார்க்க ஆரம்பித்துவிட்டன!

ஆனால், இங்கே மூன்றாவது எமன் காத்திருந்தான். சூடு!

சூடான தோசைக்கல்லில் தெளித்த எண்ணெய்த் துளிகளைக் கவனித்திருக்கிறீர்களா? மெல்ல நகர்ந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, பெரிய துளியாகிவிடும். 500 டிகிரிச் சூட்டில் பிளாட்டினத் துகள்களும் அப்படித்தான். துகள் பெருத்தால் மேற்பரப்பு போச்சு, வேலை போச்சு. அலுமினாவின் துளைகள் அவற்றைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். அப்படியும் கட்டி தட்டிவிட்டால்? குளோரினையும் காற்றையும் சூட்டோடு செலுத்துவார்கள். பிளாட்டினம் குளோரினோடு சேர்ந்து மறுபடி பரவி உட்காரும். 1960களின் கடைசியில் ரேனியம் என்ற உலோகத்தையும் துணைக்குச் சேர்த்தார்கள். ஆயுள் இன்னும் கூடியது.

இப்போது முடிச்சு அவிழ்கிறது பாருங்கள். ஹேன்ஸலின் முறையால் ஈயமில்லாமலே நல்ல பெட்ரோல் கிடைத்தது. 1970ல் அமெரிக்காவில் காற்று மாசுக்கு எதிரான கடுமையான சட்டம் வந்தது. கார்க் கம்பெனிகளுக்கு ஹூட்ரியின் டப்பாவை விட்டால் வேறு வழியில்லை. 1974 ஜூலை முதல் பெரிய பங்க்குகளில் ஈயமில்லாத பெட்ரோலும் விற்றாக வேண்டும் என்று விதி. 1975ம் வருட மாடல் கார்களில் கன்வெர்ட்டர் ஏறியது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம். அதற்காக ஈயத்தைப் படிப்படியாகக் குறைக்கிற விதி தனியே வந்து, வழக்குகளில் சிக்கி இழுத்துக்கொண்டிருந்தது. பங்க்குக்கு ஈயமில்லாத பெட்ரோலைக் கொண்டுவந்த விதியோ, கன்வெர்ட்டருக்குள் இருக்கிற பொடி சாகாமல் இருப்பதற்காகப் போட்டது! பொடியைக் காப்பாற்றப் போய் மனிதர்களும் பிழைத்தார்கள். 1976க்கும் 1980க்கும் இடையில் மட்டும் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

நம் நாட்டுக்கு அது வர இன்னும் 20 வருடம் ஆயிற்று. 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு நகரங்களில் புதிய கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயம்; கூடவே ஈயமில்லா பெட்ரோல். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் விடைபெற்றது. உலகத்திலேயே கடைசியாகக் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற நாடு அல்ஜீரியா. 2021 ஜூலையில் அங்கும் நின்றது. டேட்டனில் விற்க ஆரம்பித்து 98 வருடம்!

மூன்று எமன்களும் போய்விட்டார்களா? இல்லை. கரி இன்னும் படிகிறது. எண்ணெயில் வருகிற கந்தகமும் நிக்கலும் வனேடியமும் இன்னும் தொல்லை கொடுக்கின்றன. சூடு இன்னும் துகள்களை ஒட்டவைக்கிறது. அதனால், இப்போது விஞ்ஞானிகள் ஒவ்வொரு உலோகத் துகளையும் தனித்தனி அறையில் பூட்டிவைக்கப் பார்க்கிறார்கள். ஜியோலைட்டின் அறைகளுக்குள்ளேயே துகளை வளர்ப்பது ஒரு வழி. இன்னொரு வழி, உலோக அணுக்களைக் கரிம இணைப்புகளால் கோத்துக் கட்டிய நுண்துளைப் படிகங்கள். அவற்றை உருவாக்கிய கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் படிகத்தைக் காற்றில்லாமல் சுட்டால் இணைப்புகள் துளைகள் நிறைந்த கரியாகும். உலோகம் அந்தக் கரிக்குள் ஆங்காங்கே நானோ துகளாகத் தங்கும். அக்கம்பக்கம் போய் ஒட்டிக்கொள்ள முடியாது!

வேடிக்கையைப் பாருங்கள். ஹூட்ரியின் பரம எதிரியான கரி, இங்கே துகளுக்குக் காவல்காரன்!

இதிலும் சிக்கல் உண்டு. அறை இறுக்கமாக இருந்தால் எண்ணெய் மூலக்கூறே உள்ளே போகமுடியாது. தளர்வாக இருந்தால் துகள் தப்பித்துவிடும். லேபில் முதல் நாள் பிரமாதமாக வேலை செய்கிற பொடிகள் ஏராளம். ஆலைக்காரர் அதைப் பார்த்து மயங்கமாட்டார். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “ஆயிரம் தடவை செத்து எழுந்த பிறகும் இது வேலை செய்யுமா?”

களிமண்ணைக் கையில் எடுத்தபோது ஹூட்ரி எதிர்கொண்டதும் இதே கேள்வியைத்தான்.